மலைமேல் இருக்கிற சாமியின் பெயர்

1

நான் வசிக்கும் நாட்டின் பெயரை இந்தக் குறிப்புகளில் எழுதப்போவதில்லை. இங்கே தங்குவதற்கான என் அனுமதியைப் புதுப்பிக்கும் விண்ணப்பம் இன்னும் யாரோ ஓர் அதிகாரியின் மேசையில் கிடக்கிறது. அவருக்குத் தமிழ் தெரியாதுதான். ஆனால் இப்போதெல்லாம் கைப்பேசியைக் காட்டினால் எதையும் மொழிபெயர்த்துவிடுகிறது. குளிர் நாடு. ரயில் நொடி தவறாமல் வரும் என்று என் சொந்த ஊரான அரிமளத்தில் பேசிக்கொள்கிறார்கள். வராது. இப்போதுகூடத் தாமதமாக வந்த ஒரு ரயிலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். புதிய வேலையில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. சேர முடியுமா என்பதே சந்தேகமாக இருந்த ஒரு மாதத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

என் வேலை ரயில் பிரேக்குக்கான மென்பொருளைச் சோதிப்பது. எது, எப்போது, எப்படித் தப்பாகப் போகும் என்று முன்கூட்டியே யோசித்துப் பட்டியல் போட வேண்டும், அதற்குத்தான் சம்பளம். பழைய கம்பெனியில் ப்ராஜெக்ட் முடிந்து, புதியதில் சேர்வதற்கு இடையில் எனக்கு ஒரு மாதம் சும்மா கிடைத்தது. அந்த மாதம் பார்த்து எங்கள் நகரத்துத் தமிழ்ச் சங்கம் ‘செவ்வியல் மாதம்’ அறிவித்தது. பழைய தமிழ் நாவல்களைப் படிக்க வேண்டும், பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பார்க்க வேண்டும், வாட்ஸ்அப் குழுவில் நாலு வரி எழுத வேண்டும்.

குழுவில் என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் அட்டைப்படம் போட்டார்கள். புத்தகத்துக்குப் பக்கத்தில் ஒரு டம்ளர் காபி, டபராவோடு. ‘வாசிக்கத் தொடங்குகிறேன்’ என்று ஒரு வரி. ‘முடித்தேன்’ என்று ஒருவரும் எழுதவில்லை. படங்களைப் பற்றி எழுதியவர்கள் எல்லோரும் ‘காலத்தால் அழியாத காவியம்’ என்றே எழுதினார்கள். நகைச்சுவைப் படத்துக்கும் அதேதான். அப்படி எழுதிய ஒருவர் டைட்டில் ஓடும்போதே தூங்கிவிட்டதாக அவர் மனைவி எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பினார். சங்கத்தின் செயலாளர் அண்ணன் எதைப் போட்டாலும் கைகூப்பும் பொம்மை ஒன்று போடுவார். தப்பான குழு என்று தெரியாமல் ஒருவர் தன் கார் விற்பனை விளம்பரத்தைப் போட்டார். அதற்கும் கைகூப்பினார்.

நான் நிஜமாகவே படித்தேன், நிஜமாகவே பார்த்தேன். ஆறு நாவல், ஏழரைப் படம்.

2

பழைய படங்களைப் பொறுத்தவரை எனக்கு ஒரு தீராத கடன் உண்டு. கல்லூரிக்கு அரிமளத்திலிருந்து புதுக்கோட்டை, அங்கிருந்து கீரனூர் வழியாகத் திருச்சி என்று தினமும் பஸ்ஸில்தான் போய்வந்தேன். அந்தத் தனியார் பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் ஒரு டிவி இருக்கும். ஓட்டுநருக்குப் பிடித்தது கறுப்பு வெள்ளை. காலையில் ஒரு படத்தின் முதல் பாதி ஓடும். சரியாகக் கதாநாயகிக்குக் கண் போகிற இடத்தில் நான் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்துவிடும். சாயங்காலம் வேறொரு படத்தின் பின் பாதி. அதில் யாருக்கோ கண் திரும்ப வரும். நான்கு வருடம் இப்படிப் பாதிப் பாதியாகப் பார்த்தே இன்ஜினியர் ஆனேன். ஒரு படத்தைக்கூட முழுசாகப் பார்க்கவில்லை.

இப்போது முழுசாகப் பார்த்த பிறகு சொல்கிறேன்: பாதியே போதும்.

கூட உட்கார்ந்து பார்க்க அம்மா இருந்தது. அம்மா அரிமளத்தில், நான் இங்கே. எனக்கு மதியம் என்றால் அதற்குச் சாயங்காலம். ஒரு போனில் வீடியோ கால், இன்னொன்றில் படம். “ஒண்ணு, ரெண்டு, மூணு” என்று நான் எண்ணியதும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் படத்தைத் தொடங்க வேண்டும். அம்மா ‘ரெண்டு’க்கே அமுக்கிவிடும். அதனால் கதாநாயகி அரிமளத்தில் முதலில் அழுவாள். அவள் அங்கே அழுது ஓய்ந்து மூக்கைச் சிந்தும்போதுதான் என் அறையில் அழத் தொடங்குவாள். இந்தப் படங்களில் அடுத்து என்ன நடக்கும் என்பது எப்படியும் தெரிந்ததுதான் என்பதால் பெரிய நஷ்டம் இல்லை.

ஒவ்வொரு படத்துக்கும் ஆபீசில் எழுதுவதுபோலவே ஒரு பிழை அறிக்கை எழுதிக் குழுவில் போட்டேன்.

படம் இரண்டு. எதிர்பார்த்தது: தங்கைக்கு அந்தக் கல்யாணத்தில் இஷ்டம் இல்லை, எனவே இல்லை என்பாள். நடந்தது: தூணைப் பிடித்துக்கொண்டு பாடினாள்.

படம் மூன்று. எதிர்பார்த்தது: தனக்கு நோய் என்பதைக் கதாநாயகன் மனைவியிடம் சொல்வான். நடந்தது: நண்பனிடம் சொல்கிறான், டாக்டரிடம் சொல்கிறான், நிலாவிடம் சொல்கிறான். மனைவி சந்தேகப்பட்டுத் தாய் வீட்டுக்குப் போகிறாள்.

எட்டுப் படத்துக்கும் அடிப்படைப் பிழை ஒன்றுதான். ‘முடியாது’ என்று சொல்ல வேண்டிய ஆள் அதைச் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் எட்டுப் படமும் இடைவேளைக்கு முன்பே முடிந்திருக்கும்.

“இவளுக்கு வாயில என்ன கொழுக்கட்டையாம்மா? சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?” என்பேன்.

“சொல்லிட்டா வீட்டுக்குப் போக வேண்டியதுதான். காசு குடுத்து உள்ள வந்தவன் சும்மா விடுவானா?” என்று அம்மா சொல்லும். அப்போது அதன் கை ஓயாமல் ஒரு ஜாக்கெட் துணியில் மணி கோத்துக்கொண்டிருக்கும். அம்மா ஆரி வேலைப்பாடு கற்றுக்கொண்டு, தெருவில் இன்னும் இரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு கல்யாண ஜாக்கெட் தைத்துக்கொடுக்கிறது. அதை நான் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன்.

என் மகள் யாழினிக்கு நான்கு வயது. அம்மாவை அவள் ‘போன் அம்மாயி’ என்றுதான் சொல்வாள். போனுக்குள்ளேயே குடியிருப்பதாக நினைப்பு. மூன்றாவது படத்தில் பாதிக்கு வந்து நின்றவள், “இவங்க ஏன் அழுறாங்க? யாரு இவங்களை அடிச்சா?” என்று கேட்டாள்.

“யாரும் அடிக்கல. சொல்ல வேண்டியதைச் சொல்லாம அழுறாங்க.”

“டீச்சர்கிட்ட சொல்லணும்” என்றாள். “எங்க ஸ்கூல்ல அழுதா, வார்த்தைல சொல்லுன்னு சொல்லுவாங்க.” இந்த இரண்டாவது வாக்கியத்தை அவள் தமிழில் சொல்லவில்லை. கொஞ்ச நாளாக எந்த வாக்கியம் முக்கியமோ அது இந்த ஊர் மொழியில்தான் அவளுக்கு வருகிறது.

நான்காவது படத்தில் ஓர் ஆஸ்பத்திரிக் காட்சி. நர்ஸ் அட்டையில் எழுதக் கதாநாயகியிடம் கணவன் பெயரைக் கேட்கிறாள். கதாநாயகி தலையைக் குனிகிறாள். கால் கட்டைவிரலால் தரையில் கோலம் போடுகிறாள். பிறகு ஒரு விரலை மேலே காட்டி, “மலைமேல இருக்காரே... அவர் பேரு” என்கிறாள். புருஷன் உள்ளே உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறான். இவள் விடுகதை போடுகிறாள். வீணை வேறு வாசிக்கிறார்கள்.

நான் திட்டத் தொடங்கினேன். அம்மா குறுக்கிட்டு, “செத்த பின்னாடி வையித்தா. அந்தப் புள்ள கையக் காட்டுறது நல்லாருக்கு” என்றது.

படத்தைப் பின்னால் தள்ளி மறுபடி ஓட்டினோம். அம்மா கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தது. அந்த மாதம் முழுவதிலும் ஒரு படத்துக்காக அது ஊசியைக் கீழே வைத்தது அந்த ஒரு முறைதான்.

3

நாவல்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சங்கத்தின் அலமாரியிலிருந்து எடுத்துவந்தேன். ஒவ்வொன்றிலும் முன்னுரை எழுதிய பேராசிரியர் கதை முழுவதையும் முதல் ஐந்து பக்கத்துக்குள் சொல்லிவிடுகிறார். அதற்குப் பிறகு எழுநூறு பக்கம் படிக்க வேண்டியது நம் கடமை.

வெளிநாடு போய்த் திரும்பிய ஆள் ஒருவர் எல்லாவற்றிலும் வருகிறார். எல்லாவற்றிலும் ஒரே ஆள்தான். கப்பலில் இருந்து இறங்கும்போதே வாயில் பைப் இருக்கும். வெற்றிலையைப் பார்த்தால் முகம் சுளிப்பார். பெற்ற தாயை ஆங்கிலத்தில் கூப்பிடுவார். கடைசி அத்தியாயத்தில் சிதை எரியும்போது சரியாக வந்து சேர்ந்து, மண்ணில் விழுந்து, வேட்டிக்கு மாறுவார். நான் எட்டு வருடமாக இங்கே இருக்கிறேன். பைப் பிடிக்கும் தமிழர் ஒருவரையும் பார்த்ததில்லை. டப்பாவில் தயிர்சாதம் கொண்டுபோய், வாசனை வெளியே வராமல் இருக்க மூடியைப் பாதி திறந்து சாப்பிடுகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பற்றி யாரும் எழுநூறு பக்கம் எழுதுவதாகத் தெரியவில்லை.

4

அம்மா இங்கே வர வேண்டியிருந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

யாழினியின் பள்ளி மதியம் இரண்டு மணிக்கு முடிந்துவிடும். சாயங்காலம் வரை பார்த்துக்கொள்ளும் பிரிவில் ஏப்ரல் கடைசியில்தான் இடம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். புதிய வேலையோ நகரத்துக்கு வெளியே, சோதனைத் தண்டவாளத்தில். தினமும் நேரில் போயாக வேண்டும். வேலை கிடைத்ததே பெரிய விஷயம். ஐந்து சுற்று நேர்முகம். பாதி நேரம்தான் வருவேன் என்று சொன்னால் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்; அதை அவர்கள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள்.

எனவே பட்டியல் போட்டேன். இரண்டு மணிக்கு மேல் யாழினி யாரோடு? ஒன்று, அம்மா மூன்று மாதம் வந்து இருக்கலாம். இரண்டு, மாமியார், ஆனால் அவருக்கு மூட்டு மாற்றியிருக்கிறது. மூன்று, ஆள் வைக்கலாம், தேடினேன், கிடைக்கவில்லை. நான்கு, நான் வேலையை விடலாம். முதலாவதற்கு டிக் போட்டேன்.

அழைப்புக் கடிதம், காப்பீடு, சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், வீட்டின் சதுர மீட்டர் எல்லாம் கொடுத்தேன். பெயர்தான் வழக்கம்போலச் சிக்கல். எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இங்கே அது இல்லாமல் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகாது. அதனால் வந்த வருடமே அப்பாவின் பெயரை என் குடும்பப் பெயராகப் போட்டுவிட்டார்கள். வங்கியில், பல் ஆஸ்பத்திரியில், பள்ளியில் எல்லா இடத்திலும் என்னைக் கூப்பிடுவது ‘திருமதி சண்முகநாதன்’ என்றுதான். அம்மாவைத்தான் அப்படிக் கூப்பிட வேண்டும்; என்னைக் கூப்பிடுகிறார்கள். அரிமளம் கடைவீதியில் பைப்பும் மோட்டார் சாமானும் விற்கும் அப்பா இந்த நாட்டுப் பக்கமே வந்ததில்லை. அவர் பெயரை மட்டும் கவுண்டருக்குக் கவுண்டர் உரக்கக் கூப்பிடுகிறார்கள், அதுவும் ‘ழ’ மாதிரி ஒரு சத்தத்தை நடுவில் போட்டு.

தேதியைப் போனில் சொன்னேன். “தை பிறந்து மறுவாரம் டிக்கெட். சித்திரை வரைக்கும்.”

“சரித்தா” என்றது அம்மா.

5

யாழினி பிறந்தபோது வெறும் காகிதத்தைப் பார்த்தே அம்மாவுக்கு விசா கொடுத்தார்கள். இந்த முறை நேர்காணலுக்குச் சென்னைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அப்பா கடையைப் பூட்டிவிட்டுக் கூடப் போனார். உள்ளே அம்மாவை மட்டும்தான் விட்டார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அதிகாரி. பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு சென்னைப் பெண்.

அன்று மாலை அம்மா போனில் நடந்ததைச் சொன்னது.

“என்னென்னமோ கேட்டாக. புள்ளைங்க எத்தன, நெலம் இருக்கா, போனா திரும்பி வருவியான்னு. எல்லாத்துக்கும் சொல்லிட்டேன். அப்பறம் வீட்டுக்காரர் பேரு என்னன்னு கேட்டாக.”

“சொன்னியா?”

“அவுக பேர நான் எப்புடிச் சொல்றது?”

“அம்மா. அது அதிகாரி.”

“தெரியுது. அதான் கையக் காமிச்சேன். மலைமேல இருக்குற சாமி பேருன்னு சொன்னேன்.”

அம்மாவுக்கு மலை என்றால் விராலிமலை. எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் அதுதான் மலை. அங்கே இருப்பவர் சண்முகநாதர். மொழிபெயர்த்த பெண்ணோ சென்னைக்காரி. அவளுக்கு முருகன் இருக்கும் மலை என்றால் ஒன்றுதான் தெரியும். “பழனியா?” என்று கேட்டிருக்கிறாள். அம்மா தலையை ஒரு மாதிரி ஆட்டியிருக்கிறது. ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அதிகாரி கணவர் பெயர் ‘பழனி’ என்று எழுதிக்கொண்டார். விண்ணப்பத்தில் ‘சண்முகநாதன்’. கடவுச்சீட்டிலும் சண்முகநாதன். ஒரே கடவுள்தான் என்பதை விளக்க அங்கே யாரும் இல்லை.

மறுவாரம் கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் தன் திருமண உறவு பற்றித் தந்த தகவல்கள் முரண்படுகின்றன. எனவே அனுமதி மறுக்கப்படுகிறது. வேண்டுமானால் மறுபடி விண்ணப்பிக்கலாம்.

எனக்கு வந்த கோபத்தில் பாதி அந்த அதிகாரியின் மேல். ஒரு பெண் விரலை மேலே காட்டினால் கல்யாணமே பொய் என்று முடிவுகட்டும் மூளைக்கு எவ்வளவு படிப்பு தேவைப்பட்டதோ தெரியாது. மீதிப் பாதி அம்மாவின் மேல். சின்ன வயதில் வீட்டுக் கணக்கெடுப்புக்கு யாராவது வந்தால் அம்மா அடுப்படியிலிருந்து என்னைக் கூப்பிடும்: “கயலு, சார்ட்ட அப்பா பேரச் சொல்லு.” நான் ஓடிப்போய்ச் சொல்வேன். இரண்டாம் வகுப்பில் எனக்கு அது பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வந்தது.

அன்றே குழுவில் எழுதினேன். கணவன் பெயரைச் சொல்லாத பத்தினிகளை இந்தப் படங்கள்தான் கொண்டாடின; வீணை வாசித்து நம் அம்மாக்களுக்குப் பாடம் நடத்தின; அதன் விலையை இன்று ஒரு குடும்பம் கொடுக்கிறது. எங்கள் தலைமுறை கணவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறது, வானம் இடிந்து விழவில்லை. இப்படி இரண்டு பக்கம். மாதம் முழுக்க எந்தப் பதிவுக்கும் கிடைக்காத வரவேற்பு அதற்குக் கிடைத்தது. பத்துப் பேர் தங்கள் அம்மா கதையை எழுதினார்கள். செயலாளர் அண்ணன் கைகூப்பிவிட்டு, ‘காலத்தால் அழியாத பதிவு’ என்றார்.

6

மறுவிண்ணப்பத்துக்கு எல்லாக் காகிதமும் மறுபடி தயார் செய்தேன். அம்மாவுக்கு ஒத்திகையும் வைத்தேன்.

“ஒங்க கணவர் பேரு என்ன?”

“போடி அங்கிட்டு.”

“அம்மா, விளையாடாத. என் வேலை போயிரும். சொல்லு. சண்...”

“வாயில வர மாட்டேங்குதே, நான் என்ன செய்ய?” என்று தலையைக் குனிந்துகொள்ளும். நான் போனைச் சோபாவில் எறிவேன்.

கடைசி வாரம், எட்டாவது படம். பாதியில் அம்மா வீட்டு வாசலில் சைக்கிள் மணி மாதிரி ஒரு சத்தம். “இருத்தா, நிப்பாட்டு. வாரேன்” என்று எழுந்து போனது. போன் மேசைமேல் நிமிர்ந்து கிடந்தது; எனக்கு அரிமளத்து வீட்டு மின்விசிறி மட்டும் தெரிந்தது. சிலிண்டர் உருளும் சத்தம் கேட்டது.

“யாரு பேர்லம்மா?” ஓர் ஆண் குரல்.

“கரு. சண்முகநாதன்.”

என் அம்மாவின் குரல்தான். இன்ஷியலோடு. தபாலாபீசில் முத்திரை குத்துகிற மாதிரி, ஒரே குத்து.

“ஷண்முக...”

“ஷ இல்லப்பா, ச. சண்முகநாதன். போன தடவையும் ஷ போட்டு எழுதிட்டுப் போயிட்ட, ஏஜென்சில கணக்கு இடிக்குதுன்னு அவுக சத்தம் போட்டாக. ச போடு. ஆங். ஓடிபி சொல்றேன், எழுதிக்க.”

கதவு சாத்தப்பட்டது. அம்மா வந்து போனை எடுத்தது. மின்விசிறி போய் முகம் வந்தது.

“போடவா?” என்று கேட்டது.

“சண்முகநாதன்” என்றேன்.

அதன் முகத்தில் கூச்சம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சிரிப்பு வந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தது.

“கேட்டுருச்சா?”

“ஊரே கேட்டிருக்கும்.”

“மாமியா இருந்த வரைக்கும் சொல்ல மாட்டேன்த்தா. அவுக போயி ஏழெட்டு வருசமாச்சு. பேங்க்ல, கரண்டாபீசுல எல்லாம் நான்தானே போறேன், பேரச் சொல்லாம என்ன செய்ய?”

“அப்ப அந்த அதிகாரிகிட்ட?”

“நம்ம பாத்தோம்ல படத்துல, அந்தப் புள்ள மாதிரியே செஞ்சேன். கட்டவெரல்ல கோலம் போட்டேன், கண்ணாடிக்கு அங்கிட்டு அவருக்குத் தெரியல. வெரலு மட்டும் நல்லா வந்துச்சு.” சொல்லிவிட்டு விரலைத் தூக்கிக் காட்டியது. நிஜமாகவே நன்றாக இருந்தது.

“ஏம்மா?”

சிரிப்பு நின்றது. “எனக்கு அங்கிட்டு வரப் புடிக்கலத்தா. போன தடவ வந்தப்பவே. சன்னலத் தொறந்தா குளுரு, தாளிச்சா பொகைக்கு மணியடிக்குது, பேச ஆளு இல்ல. ஒனக்குப் பிரசவம், அதுனால இருந்தேன். இப்ப எனக்கு இங்கிட்டு வேல இருக்கு. தை, மாசி, பங்குனி மூணு மாசமும் ஜாக்கெட்டுக்கு ஆர்டர் வாங்கியிருக்கேன். கூட ரெண்டு பொம்பளைக இத நம்பி இருக்குதுக. நீ பாட்டுக்குத் தையில இருந்து சித்திரைங்குற.”

“அதை என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே? முடியாதுன்னு ஒரு வார்த்தை!”

“நீ கேட்டியா? டிக்கெட்டு எப்பன்னு சொன்ன. வாரியாம்மான்னு கேட்டியா? கேக்காதவகிட்ட எப்புடி முடியாதுங்குறது?”

ஏழு படத்துக்குப் பிழை அறிக்கை எழுதியவள் நான். எட்டாவது போனில் நின்றிருக்க, ஒன்பதாவது என் வீட்டுக்குள் ஓடியது. டிக்கெட் போட்டதே நான்தான்.

“சரி, இப்ப நான் என்ன செய்யிறது? ரெண்டு மணிக்கு மேல யாழினியை யாரு பாக்குறது?” என்று கத்தினேன்.

“நீ என்னென்ன யோசிச்ச?”

பட்டியலை வாசித்தேன். ஒன்று, நீ. இரண்டு, அத்தை. மூன்று, ஆள். நான்கு, நான் வேலையை விடுவது.

அம்மா கேட்டுவிட்டு, ஊசியைக் கையில் எடுத்தபடி, “மாப்ள ஊர்ல இல்லையா?” என்றது.

7

என் கணவர் மணி ஊரில்தான் இருந்தார். ஊரில் என்றால் அடுத்த அறையில். வங்கி ஒன்றுக்கு மென்பொருள் எழுதும் அவருக்கு வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தே வேலை. காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பார். மதியம் எழுந்து வந்து டீ போடுவார், எனக்கும் சேர்த்து. நல்ல மனிதர். நான் திட்ட வேண்டும் என்று நினைத்தாலும் திட்ட வாகாக எதுவும் அகப்படாது.

எழுத்தில் ‘அவர்’ என்கிறேன். வீட்டில் ‘மணி, நீ’ தான். குழுவில் இரண்டு பக்கம் முழங்கினேனே, எங்கள் தலைமுறை கணவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் என்று. உண்மைதான். ஒரு நாளைக்கு நூறு தரம் கூப்பிடுகிறேன். மணி, குப்பையை எடுத்து வை. மணி, பார்சல் வந்திருக்கிறது. ஆனால் எந்த இடத்தில் அந்தப் பெயரை எழுத வேண்டுமோ அந்த இடத்தில் எழுதவில்லை. மூட்டு மாற்றிய மாமியார் பட்டியலில் இருக்கிறார். முகமே தெரியாத கூலிக்காரி இருக்கிறாள். விமானத்தில் வர வேண்டிய அம்மா முதலில் இருக்கிறது. பிரேக் எங்கெல்லாம் பிடிக்காமல் போகும் என்று நூற்றுக்கணக்கில் யோசிக்கும் மூளைக்கு, சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆள் தோன்றவே இல்லை. அவருக்கும்தான் தோன்றவில்லை. விசா மறுத்த கடிதம் வந்த அன்று என் தோளில் தட்டி, “அடடா, இப்ப என்ன பண்ணப் போற?” என்று கேட்டார். நானும் அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டு மறுவிண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தேன்.

அம்மாவோடு பேசி முடித்ததும் மறுவிண்ணப்பத்தை அழித்தேன். எட்டாவது படம் பாதியிலேயே நிற்கிறது. கதாநாயகி இன்னும் சொல்லவில்லை. சொல்லாமலே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன். குழுவில் எழுதியதை அழிக்கவில்லை. அழித்தால் ஏன் என்று கேட்பார்கள். விளக்கினால் அதற்கும் கைகூப்புவார்கள்.

மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனேன். யாழினி தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். மணி ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கினார்.

“என்ன கயல், அத்தைக்குத் திரும்பவும் விசா போட்டாச்சா?”

“இல்ல. அம்மா வரல. வர இஷ்டம் இல்ல.”

“அய்யோ. ஒன்னாம் தேதி ஜாயினிங் ஆச்சே. அப்ப ரெண்டு மணிக்கு மேல பாப்பாவை யாரு பாத்துக்குவா?”

நல்லெண்ணத்தோடுதான் கேட்டார். முகத்தில் உண்மையான கவலை இருந்தது. அந்தப் படங்களில் அனுதாபத்தோடு வந்து நிற்கும் குடும்ப டாக்டருக்கு இருக்குமே, அந்தக் கவலை.

மேலே விரலைக் காட்டலாமா என்று ஒரு கணம் தோன்றியது. காட்டவில்லை. சிலிண்டர்காரரிடம் அம்மா சொன்ன அதே குரலில், இன்ஷியலோடு சொன்னேன்.

“தி. மணிமாறன்.”

அந்தப் பெயரில் வேறு யாராவது வந்து நிற்கிறார்களா என்று பார்ப்பதுபோல, அவர் தன் நாற்காலியில் மெதுவாகப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.